சந்தேகத்தின் பலன்

பெரியப்பாவுக்குக் காது கேட்காது. வலது காதில் வாயை ஒட்டிவைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். இடது காது சுத்தம். பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியவர். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. "மிலிட்டரி" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அடையாளத்துக்காக இவருக்கு "செவிட்டு மிலிட்டரி" என்று பெயர். அவருக்கு அது கேட்காது என்பதால் யாருக்கும் சங்கடம் இல்லை.

1999ல் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு வந்தார். இந்தி சரளமாகப் பேசுவார், ஆங்கிலம் வராது. "டேய் தம்பி, டிசெபிலிட்டி பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருந்தேன்ல, பதில் வந்திருக்கு. படிச்சு சொல்லு" என்றார்.

படித்தேன். அவருடைய காதுக் குறைபாடு ராணுவப் பணியால் ஏற்பட்டதும் இல்லை, ராணுவப் பணியால் அதிகமானதும் இல்லை, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. அதை அவருக்குச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. வலது காதில் கத்தினேன்: "பீரங்கியால உங்க காது போகலையாம் பெரியப்பா!"

"என்னது?"

மறுபடியும் கத்தினேன். எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்களுக்கு இரண்டு தடவையும் கேட்டது. பெரியப்பா கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "அப்ப எதனால போச்சாம்?"

கடிதத்தில் அது இல்லை. கீழே ஒரு கடைசிப் பத்தி இருந்தது. அதை நான் கத்தவில்லை. எல்லா அரசாங்கக் கடிதத்திலும் இருக்கிற சம்பிரதாய வால் என்று நினைத்து விட்டுவிட்டேன். பெரியப்பா கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். 2011ல் இறந்தார். காரியம் முடிந்து பெட்டியை ஒழித்தபோது அதே கடிதம் கையில் வந்தது. கடைசிப் பத்தியைப் படித்தேன். முடிவில் உடன்பாடு இல்லையென்றால் இத்தனை மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அமெரிக்காவுக்குப் போய்விட்டேன். இந்த ஒரு சண்டையை, அதாவது படைவீரனின் உடம்புக்கும் அரசாங்கத்தின் காகிதத்துக்கும் நடக்கும் சண்டையை, அந்த நாடு நூற்று அறுபது வருடமாகச் சட்டமாகவும் தீர்ப்பாகவும் எழுதி வைத்திருக்கிறது. நம் ஊர்க் கதையைப் புரிந்துகொள்ள அது எனக்குக் கண்ணாடியாக உதவியது.

*

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1862 ஜூலையில், அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பென்ஷன் சட்டம் போட்டது. படையில் பட்ட காயம் மட்டுமல்லாமல், படையில் இருந்தபோது வந்த நோய்க்கும் பென்ஷன் உண்டு. முழுமையாக உழைக்க முடியாமல்போன சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். அந்தப் போரில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அதிகம். அதனால் நோயைச் சேர்த்தது பெரிய விஷயம்.

ஆனால் காயத்துக்கும் நோய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. போன கால் போனதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. முகாமில் வந்த பேதி பத்து வருடம் கழித்துக் குடலை அரிக்கும்போது, இது அந்தப் பேதிதான் என்று யார் சொல்வது? உடன் இருந்த சிப்பாய் சாட்சி சொல்ல வேண்டும். வைத்தியம் பார்த்தவர் எழுதித் தர வேண்டும். அவர்களெல்லாம் எங்கே இருக்கிறார்களோ, உயிரோடுதான் இருக்கிறார்களோ.

இதற்காகவே வாஷிங்டனில் ஒரு பிரம்மாண்டக் கட்டடம் எழுந்தது. 1887ல் கட்டி முடித்த பென்ஷன் கட்டடம். வெளிச்சுவரைச் சுற்றி ஏறத்தாழ 1200 அடி நீளத்துக்குச் சுடுமண் சிற்ப வரிசை. காலாட்படை, குதிரைப்படை, கப்பல்படை, காயம்பட்டவர்கள் எல்லாரும் ஓயாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே குமாஸ்தாக்கள் கட்டுக்கட்டாக ஃபைல் பார்த்தார்கள். இன்று அது கட்டடக் கலை அருங்காட்சியகம்.

அந்த ஃபைல்களில் ஒன்று ஹாரியட் டப்மனுடையது. அடிமையாகப் பிறந்து, தப்பித்து, பிறகு திரும்பத் திரும்பப் போய் மற்ற அடிமைகளைத் தப்பிக்க வைத்தவர் என்று பாடப்புத்தகம் வழியாக நமக்குத் தெரியும். உள்நாட்டுப் போரில் அவர் வடக்குப் படைக்கு உளவு பார்த்தார், வழிகாட்டியாக இருந்தார், மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தார். 1863 ஜூனில் காம்பாகி ஆற்றில் நடந்த தாக்குதலுக்கு அவர்தான் வழிகாட்டி. 700க்கும் மேற்பட்ட அடிமைகள் ஒரே இரவில் விடுதலையானார்கள்.

போர் முடிந்ததும் கூலி கேட்டார். கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் பெயர் எந்தப் படைப்பட்டியலிலும் முறையாக இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில், படைவீரராக இருந்த அவருடைய கணவர் இறந்தார். 1895ல் டப்மனுக்கு மாதம் 8 டாலர் பென்ஷன் வந்தது, விதவை என்ற முறையில். 1899ல் நாடாளுமன்றம் அவருக்கென்றே ஒரு சட்டம் போட்டு அதை 20 டாலராக்கியது. அதிலும் அவரை நர்ஸ் என்றுதான் குறிப்பிட்டார்கள். உளவு பார்த்தது, ஆற்றில் படகுகளுக்கு வழி காட்டியது எதற்கும் அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

உடம்பு அங்கே இருந்தது, ஊரே சாட்சி. காகிதத்தில் இல்லாததால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

*

பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று சிப்பாய்களை மொய்த்த தரகர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களிடமிருந்து காப்பாற்ற, 1862 சட்டம் வக்கீல் கட்டணத்துக்கு 5 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. 1864ல் அது 10 டாலர் ஆனது. மீறி வாங்கினால் சிறை. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். முழு ஊனத்துக்கான மாத பென்ஷனே எட்டு டாலர் என்கிறபோது பத்து டாலர் மோசமான கூலியும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்து டாலர் அப்படியே நின்றுவிட்டது. கார் வந்தது, விமானம் வந்தது, நிலாவுக்குப் போய்விட்டு வந்தார்கள், பத்து டாலர் மட்டும் மாறவில்லை. எந்த வக்கீல் பத்து டாலருக்கு ஆயிரம் பக்க ஃபைலைப் படிப்பார்?

இதற்கு நடுவே 1933ல், பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்தபோது, செலவைக் குறைக்க ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சட்டம் முன்னாள் வீரர்களின் சலுகைகளை வெட்டியதோடு நீதிமன்றக் கதவையும் சாத்தியது. பென்ஷன் விஷயத்தில் நிர்வாகம் சொல்வதே இறுதி. அதே வருடம் ஒரு மேல்முறையீட்டு வாரியம் வந்தது, ஆனால் அதுவும் நிர்வாகத்துக்கு உள்ளேதான். மாமியார்மேல் புகார் சொல்ல நாத்தனாரிடம் போவது மாதிரி.

1985ல் உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பத்து டாலர் விவகாரம் வந்தது. வழக்கைக் கொண்டுவந்தவர்களில் அணுகுண்டுச் சோதனைகளில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களின் சங்கமும் ஒன்று. இந்த நடைமுறை நட்பானது, எதிரி யாரும் இல்லை, எனவே வக்கீல் தேவையில்லை என்பது அரசின் வாதம். நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் பத்து டாலரைக் காப்பாற்றியது.

அவர்களுக்கு வக்கீல் ஏன் தேவைப்பட்டது என்பதை அந்தச் சோதனைகளின் கதையே சொல்லிவிடும். 1945 முதல் 1962 வரை திறந்தவெளியில் நடந்த சோதனைகளில் லட்சக்கணக்கான அமெரிக்க வீரர்கள் பங்கேற்றார்கள். பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தார்கள். அந்த ரகசியக் கட்டுப்பாட்டை 1996ல்தான் சட்டம் நீக்கியது. ஆக, புற்றுநோய் வந்தவர் தன் டாக்டரிடம்கூட எங்கே இருந்தேன் என்று சொல்ல முடியாது. சொல்லாமல் எப்படி நிரூபிப்பது? ஆர்வில் கெல்லி என்ற சார்ஜெண்ட் 1958ல் பசிபிக் தீவொன்றில் நின்று இருபதுக்கும் மேற்பட்ட வெடிப்புகளைப் பார்த்தவர். ரத்தப் புற்றுநோய் வகை ஒன்று வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட, மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தார். 1979ல் தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அந்த வருடக் கடைசியில் ஜெயித்தார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

காகிதத்தையே நம்பியிருந்த இந்த அமைப்பில் ஒருநாள் காகிதமே எரிந்துபோனது. 1973 ஜூலை 12 நள்ளிரவு கடந்து, செயின்ட் லூயிஸ் அருகே ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் ஃபைல்கள் வரை அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஃபைல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது. நகல் கிடையாது, நுண்படச் சுருள் கிடையாது. இரண்டு உலகப் போர், கொரியப் போர் எல்லாம் அதில் அடக்கம். அதற்குப் பிறகு கோரிக்கை வைத்த பலருக்கு "உங்கள் ஆவணம் இல்லை" என்ற பதில் வந்தது. எரித்தது அவர்கள் இல்லை. ஆனால் நிரூபிக்க வேண்டியது அவர்கள்தான்.

*

கதை திரும்பியது வியட்நாமில். 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானப்படை காடுகளை மொட்டையடிக்கக் களைக்கொல்லியைப் பொழிந்தது. பீப்பாயில் அடித்திருந்த ஆரஞ்சுப் பட்டையால் முக்கியமான ஒன்றுக்கு ஏஜென்ட் ஆரஞ்ச் என்று பெயர். அதில் டையாக்சின் கலந்திருந்தது.

1977ல் சிகாகோவில் முன்னாள் படைவீரர் நிர்வாகத்தில் வேலை பார்த்த மாட் டிவிக்டர் என்ற பெண் ஊழியருக்கு ஒரு போன் வந்தது. கணவருக்குப் புற்றுநோய், அந்த ரசாயனத்தால்தான் என்று அவர் சொல்கிறார் என்று அந்த மனைவி சொன்னார். மாட் டிவிக்டர் அதோடு போனை வைத்துவிட்டிருக்கலாம். அவர் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். இதே மாதிரி இன்னொருவர், இன்னொருவர் என்று பட்டியல் நீண்டது. அடுத்த வருடம் சிகாகோ தொலைக்காட்சி அதை ஆவணப்படமாக்க, நாடு முழுவதும் தெரிந்துபோனது.

நிர்வாகம் அசையவில்லை. 1985ல் போட்ட விதியில், டையாக்சினால் வருவதாக அது ஒப்புக்கொண்டது குளோராக்னே என்ற தோல் நோய் ஒன்றை மட்டும்தான். மற்ற நோய்களுக்கு இதனால்தான் அது வந்தது என்று காரண காரியத்தோடு நிரூபிக்க வேண்டுமாம். ஒருவரின் புற்றுநோயைத் திறந்து பார்த்து இது சிகரெட்டால் வந்தது, இது டையாக்சினால் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கும்பலாகப் பார்க்கும்போதுதான் தெரியும், தெளித்த இடத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாக வந்திருக்கிறது என்று. 1989ல் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் நேமர் என்ற வழக்கில் அந்த விதியை ரத்து செய்தது. புள்ளிவிவரத் தொடர்பு இருந்தாலே போதும், நாடாளுமன்றம் கேட்டது அதைத்தான் என்றது.

1991ல் ஏஜென்ட் ஆரஞ்ச் சட்டம் வந்தது. வியட்நாமில் பணியாற்றினாயா, பட்டியலில் உள்ள நோய் வந்திருக்கிறதா, அப்படியென்றால் அது பணியால்தான் வந்தது என்று அரசே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்கு. நேமர் வழக்கின் உடன்பாட்டினால், ஒரு நோய் பட்டியலில் புதிதாகச் சேரும்போது முன்பு நிராகரித்த ஃபைல்களைத் திரும்ப எடுத்துப் பழைய தேதியிலிருந்து பணம் கொடுக்க வேண்டியிருந்தது. இறந்துபோனவர்களின் வாரிசுகளுக்கும் பணம் போனது.

ஆனால் நிர்வாகம் எப்போதும் ஒரு நூலிழையைத் தேடும். "வியட்நாமில் பணியாற்றியவர்" என்றால் யார்? 2002ல் அது சொன்னது: மண்ணில் கால் வைத்திருக்க வேண்டும். கரைக்கு அருகே கப்பலில் இருந்தவர்கள் வரமாட்டார்கள். கப்பலில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் குடித்தார்கள், அப்படி வடிக்கும்போது டையாக்சின் இன்னும் செறிவாகும் என்று ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்லியிருந்தது. எடுபடவில்லை. ஆல்ஃபிரட் புரோகோபியோ 1966ல் இன்ட்ரெபிட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் வியட்நாம் கடற்பரப்பில் இருந்தவர். சர்க்கரை நோயும் புராஸ்டேட் புற்றுநோயும் வந்தன. நிராகரித்தார்கள், மேல்முறையீடு செய்தார், தோற்றார், மறுபடியும் போனார். 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 9க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. ஒரு நாட்டின் கடல் எல்லையும் அந்த நாடுதான் என்பது தீர்ப்பின் சாரம். ஒரு மனிதன் இதை நிரூபிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. இந்த அனுமானமெல்லாம் தெளித்த நாட்டின் வீரர்களுக்குத்தான். அந்த மண்ணில் காலை மட்டுமா வைத்திருந்தார்கள் வியட்நாமியர்கள், அங்கேயே பிறந்து அதையே உழுது தின்றவர்கள். அவர்கள் ரசாயன நிறுவனங்கள்மீது அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2005ல் தள்ளுபடியானது.

*

நீதிமன்றக் கதவு திறந்தது 1988ல். முன்னாள் வீரர்களின் மேல்முறையீடுகளுக்கென்றே தனி நீதிமன்றம் அமைத்த சட்டம் அது. 124 வருடப் பத்து டாலர் வரம்பும் அதோடு தளர்ந்தது. அந்தச் சட்டம் இன்னும் இரண்டு விஷயங்களை எழுதி வைத்தது. ஒன்று, இரு பக்கமும் சாட்சியம் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரனுக்கு. இரண்டு, வாரியம் எந்த முடிவெடுத்தாலும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 1990ல் அந்தப் புதிய நீதிமன்றம் ஒரு வழக்கில் முதல் விஷயத்தை விளக்க பேஸ்பாலைத் துணைக்கு அழைத்தது. பந்தும் ஓடுகிறவனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் ஓடுகிறவன் அவுட் இல்லை. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பேட்ஸ்மேன் நாட் அவுட்.

நம் செய்தித்தாள்களில் "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டார்" என்று படிக்கும்போது ஒருவன் குற்றவாளிக்கூண்டில் நிற்கிறான். பென்ஷன் கேட்டு வருகிறவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவனுக்கு அந்தச் சலுகை கிடைக்க இத்தனை காலம் ஆனது.

இன்றும் அங்கே எளிதில்லை. இப்போது நோய் இருக்க வேண்டும், பணியில் ஏதோ நடந்திருக்க வேண்டும், இரண்டையும் இணைத்து ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். நிராகரித்தால் ஒரு வருடத்துக்குள் புதிய சாட்சியம் தரலாம், மூத்த அதிகாரியின் மறுபரிசீலனை கேட்கலாம், வாரியத்துக்குப் போகலாம். 2008 வரை, மேல்முறையீடு நடுவில் இருக்கும்போது ஆள் செத்தால் வழக்கும் செத்தது. அந்த வருடம் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் குடும்பத்தினர் அவர் இடத்தில் நின்று தொடர முடிந்தது. 2022ல் ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பைக் குழிப் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் அனுமானம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு ஹீத் ராபின்சன் என்ற சார்ஜெண்டின் பெயர். அவர் 2020லேயே நுரையீரல் புற்றுநோயில் இறந்துவிட்டார்.

*

இவ்வளவும் படித்துவிட்டு ஊர்க் கதைக்குத் திரும்பினால் எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நம் நாட்டில் 1982லேயே விதி இருந்தது. படையில் சேரும்போது ஒரு நோயும் குறிக்கப்படவில்லை என்றால் அவன் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தான் என்று அனுமானிக்க வேண்டும் என்றது அது. நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவனுக்கு இல்லை. நியாயமான சந்தேகம் வந்தால் பலன் அவனுக்கு. எல்லாம் அச்சில் இருந்தது. பெரியப்பாவின் கடிதம் வருவதற்குப் பதினேழு வருடம் முன்பே.

தரம்வீர் சிங் என்பவர் 1985ல் சிக்னல் படையில் சேர்ந்தார். ஒன்பது வருடம் கழித்து வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ராணுவப் பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவ வாரியம் எழுதியது, பென்ஷன் இல்லை. அவர் விடவில்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது இல்லாத நோய் பிறகு வந்திருக்கிறது. பணியால் வரவில்லை என்றால், அந்த முடிவுக்கு வந்த காரணத்தை மருத்துவ வாரியம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஆகவே அவருக்குப் பென்ஷன் உண்டு.

தீர்ப்பை நான் மூன்று தடவை படித்தேன். சட்ட மொழியை எல்லாம் உரித்துவிட்டுப் பார்த்தால், நீதிபதிகள் அரசைக் கேட்டிருப்பது பெரியப்பா என்னைக் கேட்ட அதே கேள்விதான். அப்ப எதனால போச்சாம்?

அன்று அவர் கேட்டபோது நான் அதை வெறும் நக்கல் என்று நினைத்தேன். அது ஒரு மேல்முறையீடு என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் போட ஆள் இருந்திருந்தால் போதும்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், கத்த வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பத்தியை நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ சின்னப் பையன்டா அப்ப" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்ப எழுதிப் போட்டா எடுத்துக்குவானா?" என்று கேட்டார்.

தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போட வழி இருக்கிறது. அந்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். தெருவில் விஷயம் பரவி, இப்போது நாலைந்து மிலிட்டரிக்காரர்கள் பழுப்பு உறையோடு வருகிறார்கள். கடைசிப் பத்தியிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேன்.